மனுப்பூரின் மாத்திரைகள்

பஞ்சாபின் லூதியானா மாவட்டத்தில் கன்னா என்று ஓர் ஊர். அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1950களின் நடுவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொது சுகாதாரப் பள்ளி பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் கொடுத்தது, இந்திய அரசு ஆதரவு கொடுத்தது. கருத்தடைச் சாதனங்களைக் கையில் கொடுத்தால் கிராமத்தில் பிறப்பு விகிதம் குறையுமா என்று பார்ப்பதே நோக்கம். பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். உறவுக்கு முன் பெண் உடலுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய, நுரைக்கும் வகை மாத்திரைகளைக் கொடுத்தார்கள். மக்கள் வாங்கிக்கொண்டார்கள். பதிவேட்டில் 'ஏற்றுக்கொண்டோர்' எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. பிறப்பு விகிதம்தான் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை.

பின்னர், உகாண்டாவில் வளர்ந்த மஹ்மூத் மம்தானி என்ற இளம் ஆய்வாளர், அந்தக் கிராமங்களில் ஒன்றான மனுப்பூருக்குப் போய்த் தங்கினார். ஒருவர் அவரைத் தன் வீட்டுக்குள் அழைத்துப்போய் மூலையில் இருந்த சிறிய சிற்பத்தைக் காட்டினார். மாத்திரை டப்பாக்களையும் சீசாக்களையும் அடுக்கி அவரே செய்தது. வெளிநாட்டிலிருந்து மெனக்கெட்டு வந்திருக்கிறார்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள், வாங்கிக்கொண்டால் அவர்களுக்குத் திருப்தி, வேண்டாம் என்று சொல்லி எதற்கு மனம் நோகச் செய்ய வேண்டும் என்பதுதான் அந்த ஊரின் நியாயம். வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பாத பண்பு, ஆய்வறிக்கையில் ஒப்புதலாக ஏறிவிட்டது.

மம்தானியின் 'தி மித் ஆஃப் பாப்புலேஷன் கண்ட்ரோல்' 1972இல் வெளிவந்தது. பொது சுகாதாரம் படிக்க வருகிறவர்களிடம் முதலில் கொடுக்க வேண்டிய புத்தகங்களில் ஒன்றாக அதை நான் நினைக்கிறேன். மெல்லிய புத்தகம். ஊர்க்காரர்களுக்குப் பிள்ளை என்றால் என்ன என்று அவர் சாதிவாரியாக, நிலவாரியாக விசாரித்துக்கொண்டு போகிறார். டிராக்டருக்கோ கூலியாளுக்கோ பணம் இல்லாத விவசாயிக்கு மகன்தான் ஆள்பலம். நிலமே இல்லாதவருக்கு மகன்களின் கூலிதான் முதுமைக்கான சேமிப்பு. தண்ணீர் சுமந்து பிழைத்த ஒருவர், மம்தானியைப் பழைய ஆய்வுக்குழுவைச் சேர்ந்தவர் என்று எண்ணிக்கொண்டு, 'இனிப் பிள்ளை வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னீர்களே, இன்று என் பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள், நான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், நீங்கள் சொன்னது தப்பு' என்ற பொருளில் பேசுகிறார். பிறப்பு விகிதம் கொஞ்சம் குறைந்திருந்தது உண்மை. அதற்குப் பெரும் காரணம் பெண்களின் திருமண வயது உயர்ந்ததே தவிர மாத்திரை இல்லை.

இந்தக் கதையை வகுப்பறைகளில் சொல்லும்போது வழக்கமாக வந்துசேரும் முடிவு ஒன்று உண்டு: எண்களை நம்பியவர்கள் தோற்றார்கள், பேச்சைக் கேட்டவர் வென்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கன்னா ஆய்வாளர்கள் தூரத்திலிருந்து எண்ணியவர்கள் இல்லை. மாதம் தவறாமல் வீடுகளுக்குப் போனார்கள், உட்கார்ந்து பேசினார்கள், பெண்களின் மாதவிலக்கிலிருந்து குழந்தைகளின் பேதிவரை விசாரித்தார்கள். அந்த விசாரிப்பிலிருந்து உருப்படியான அறிவும் பிறந்தது. தாய்ப்பாலோடு மற்ற உணவு தொடங்கும் பருவத்தில் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு எவ்வளவு கொடியது என்பதை 1963இல் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன கட்டுரை அங்கிருந்து வந்ததுதான்.

அவர்கள் பேச்சைக் கேட்கத்தான் செய்தார்கள். ஆனால் கேள்வி ஊருக்குள் நுழைவதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. 'இவர்கள் ஏன் பயன்படுத்தவில்லை?' என்பது அந்தக் கேள்வி. அதற்கு விடையாக அறியாமை வரலாம், பழமைப் பிடிப்பு வரலாம், பக்கவிளைவு பற்றிய பயம் வரலாம். தங்கள் பிழைப்பைத் தாங்களே சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்ற விடைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. மம்தானி அந்தக் கேள்வியையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். மக்கள்தொகைதான் பிரச்சினை என்று முடிவு செய்தது யார், எந்த இடத்திலிருந்து பார்த்தால் அது பிரச்சினையாகத் தெரிகிறது என்று கேட்டார்.

விமர்சனக் கோட்பாடு என்று பெயர் வைத்து நாம் மிரண்டுபோகிற விஷயத்தின் உயிர்நாடி இவ்வளவுதான். ஜெர்மன் தத்துவவாதி மாக்ஸ் ஹோர்க்ஹைமர் 1937இல் எழுதிய கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார். மரபான ஆய்வு தகவல்களைக் கிடைத்தபடி எடுத்துக்கொண்டு ஒழுங்குபடுத்துகிறது. விமர்சன ஆய்வோ அந்தத் தகவல்களை உண்டாக்கிய சமூகத்தையும், அதற்குள் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளரையும் சேர்த்தே விசாரணைக்கு உட்படுத்துகிறது.

அடுத்த ஆண்டிலேயே இந்த இரண்டும் ஒரு கூரையின் கீழ் சந்தித்தன. 1938இல் ஹோர்க்ஹைமரின் சகா தியோடர் அடோர்னோ ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா வந்து, வானொலி கேட்பவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்றில் சேர்ந்தார். நியூவர்க் நகரில் கைவிடப்பட்ட ஒரு மதுவடிசாலைதான் அலுவலகம். தலைமை வகித்தவர் வியன்னாவிலிருந்து வந்த பால் லாசர்ஸ்ஃபெல்டு. பணம் கொடுத்தது இங்கும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையே. மக்களுக்கு எந்த இசை பிடிக்கிறது, எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டு அளக்க வேண்டும். அந்தப் பிடித்தத்தையே வானொலித் தொழில் உற்பத்தி செய்து கொடுக்கும்போது, 'பிடிக்கிறதா' என்று கேட்டு எண்ணுவதால் தெரியப்போவது என்ன என்று அடோர்னோ கேட்டார். உறவு நீடிக்கவில்லை. அவருடைய இசைப் பிரிவுக்கான நிதியும் நின்றது. லாசர்ஸ்ஃபெல்டை இங்கே வில்லனாக்குவது அநியாயம். 1941இல் அவர் எழுதிய கட்டுரை நிர்வாக ஆய்வு, விமர்சன ஆய்வு என்ற இரண்டையும் நேர்மையாக வகுத்து, ஒன்றுக்கு மற்றது தேவை என்றே வாதாடியது.

லாசர்ஸ்ஃபெல்டும் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனும் வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்டவர்களைக் கூட்டமாக உட்காரவைத்து நடத்திய நேர்காணல்தான், பின்னாளில் எல்லோரும் ஃபோகஸ் குரூப் என்று சொல்லும் குழு விவாதத்தின் மூலம். சோப்பும் பற்பசையும் விற்ற விளம்பரக் கம்பெனிகள் அதைச் சுவீகரித்துக்கொண்டன. 1980களின் தொடக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்கள் சந்தை ஆய்வாளர்களிடமிருந்து அதைக் கடன் வாங்கின. அங்கிருந்து அங்கன்வாடித் திண்ணைக்கு வந்தது. மக்களிடம் பேசிக் கேட்கும் பண்புசார் ஆய்வு என்றாலே அது மக்கள் பக்கம் நிற்கும் என்று நம்புகிறவர்கள் இந்த வம்சாவளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் என்ன சொன்னால் வாங்குவார் என்று தெரிந்துகொள்ள உருவான கருவி அது. விமர்சனம் அதற்குள் தானாக ஊறி வராது. வெளியிலிருந்து நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அப்படிச் சேர்த்த முன்னோடிகள் உண்டு. ஷீலா சுர்பிரிக் என்ற கனடிய மருத்துவர் 1970களில் இங்குள்ள கிராமங்களில் வேலை செய்தார். 'ராக்குவின் கதை' என்ற அவருடைய ஆங்கில நூல் 1984இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. நிலமற்ற கூலித் தொழிலாளி ராக்கு, வயிற்றுப்போக்கில் போன அவள் கைக்குழந்தை, இவ்வளவுதான் கதை. உப்பு சர்க்கரைக் கரைசல் உலகெங்கும் புகழப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. தாய்க்குச் சொல்லிக்கொடுத்தால் குழந்தை பிழைத்துவிடும் என்று சுவர்கள் சொல்லிக்கொண்டிருந்தன. கரைசல் உயிர் காக்கும் என்பதில் சுர்பிரிக்குக்கும் சந்தேகமில்லை. ஆனால் கூலிக்குப் போனால்தான் அன்றைக்கு அடுப்பெரியும் என்கிற பெண் எந்த நேரத்தில் குழந்தைக்கு மடி கொடுப்பாள், யார் கையில் கரைசலை விட்டுப்போவாள் என்று அவர் கேட்டார். ஒரு குழந்தையின் பேதியிலிருந்து நிலவுடைமைவரை கயிறு பிடித்துப் போகும் அந்த நூல் இன்றைய பொது சுகாதாரப் பாடத்திட்டங்களில் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சிசிலியா வான் ஹாலன் என்ற மானுடவியலாளர் 1995இல் சென்னையிலும் அதையொட்டிய கடலோரப் பகுதியிலும் பிரசவங்களைப் பற்றிக் களப்பணி செய்தார். 2003இல் வந்த அவருடைய நூலில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் படிப்பது வலி ஊசி பற்றிய பகுதி. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தைத் துரிதப்படுத்த ஆக்ஸிடோசின் வழக்கமாக ஏற்றப்பட்டது, வலி மரப்பதற்கான மருந்து ஏதும் இல்லாமல். வெளியிலிருந்து பார்க்கிறவர் இதைப் பெண்கள்மீது மருத்துவம் செலுத்தும் அதிகாரம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பார். வான் ஹாலன் உட்கார்ந்து கேட்டபோது, பல பெண்கள் அந்த ஊசியைத் தாங்களே கேட்டு வாங்குவது தெரிந்தது. நல்லா வலி வந்தாத்தான் சீக்கிரம் பிறக்கும், வலி தாங்குவது பெண்ணின் சக்தி என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. கூட்டம் நெரியும் வார்டில் கட்டிலைச் சீக்கிரம் காலிசெய்ய வேண்டிய அவசரமும் இந்த எண்ணமும் ஒரே ஊசியில் வந்து முடிந்தன. அதே வார்டில், பிரசவம் முடிந்த கையோடு கேட்காமலே கருத்தடை லூப் வைத்து அனுப்பப்பட்ட பெண்களும் இருந்தார்கள். ஊசியை விரும்பிக் கேட்டவளும் லூப்பை அறியாமல் வாங்கிப்போனவளும் ஒரே பெண்ணாக இருக்கலாம். அவளை அடிமை என்று எழுத முடியாது, சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தாள் என்றும் எழுத முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பல மாதம் கேட்ட ஆய்வு மட்டும்தான் இந்த இடத்தை எட்டும்.

தமிழ்நாட்டில் இன்று 99 சதவீதத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2019-21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதக் குழந்தைகள் சிசேரியனில் பிறந்தன. தனியார் மருத்துவமனைகளில் அது 63.8. இந்த எண்களுக்குப் பின்னால் என்ன பேச்சு நடக்கிறது, நாள் பார்ப்பவர் யார், பயப்படுபவர் யார், பில் போடுபவர் யார் என்று வான் ஹாலனைப் போல வார்டில் உட்கார்ந்து கேட்க வேண்டிய நேரம் இது.

எண்களை நான் குறைத்துப் பேசவில்லை என்பதற்கு வேலூர்ப் பக்கத்துக் கணியம்பாடி வட்டாரமே சாட்சி. அங்கே 10 முதல் 19 வயதுவரையான இளம்பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர் தற்கொலை செய்துகொள்வதாகவும், ஆண்பிள்ளைகளில் அது 58 என்றும் 2004இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொன்னது. பத்தாண்டுச் சாவுகளை எண்ணிச் சொன்ன கணக்கு. வயிற்றுவலி என்றும் விபத்து என்றும் ஊர் மூடிவைக்கும் சாவுகள் அவை. சுகாதாரப் பணியாளர்கள் செத்தவர் வீட்டுக்குப் போய் நடந்ததைக் கேட்டு எழுதியதால்தான் அவை எண்ணிக்கைக்குள் வந்தன. சாவு வீட்டில் உட்கார்ந்து ஒரு தாயைப் பேசவைப்பது பண்புசார் வேலை. அந்தப் பேச்சுகளைக் கூட்டி 148 என்று எழுதியது எண்சார் வேலை. இரண்டும் வேறு வேறு துறைகள், வேறு வேறு நிதிகள், வேறு வேறு இதழ்கள் என்று ஆனது பின்னால் வந்த நிர்வாக ஏற்பாடு.

கோட்பாட்டுக்காரர்களிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. போகும்போதே விடையைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதிகாரம், ஒடுக்குமுறை, நவதாராளவாதம் என்ற சொற்களை எந்த ஊர் நேர்காணலின் மீதும் ஒட்டிவிட முடிகிறது. கன்னா ஆய்வாளர்களின் கேள்வி முன்கூட்டியே முடிந்திருந்தது என்றால் இவர்களுக்கு விடை முன்கூட்டியே முடிந்திருக்கிறது. பேசிய பெண்ணுக்கு இரண்டிலும் ஒரே கதிதான்.

மம்தானியையே எடுத்துக்கொள்வோம். ஏழைக்குப் பிள்ளைகள் தேவை, அந்தத் தேவையை உண்டாக்கும் சமூக அமைப்பு மாறாமல் பிறப்பு குறையாது என்பது அவர் வந்து சேர்ந்த இடம். தமிழ்நாட்டில் நிலம் கைமாறவில்லை. நிலமற்றவர்கள் பெரும்பாலும் நிலமற்றவர்களாகவே இருந்தார்கள். ஆனாலும் கூலிக் குடும்பங்களிலும் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வது சாதாரணமாகிவிட்டது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்றது 2019-21இன் கணக்கெடுப்பு. பள்ளிக்கூடம், சத்துணவு, பிள்ளையைப் படிக்கவைத்து வேறு வேலைக்கு அனுப்பிவிட முடியும் என்ற நம்பிக்கை, இலக்கு வைத்து விரட்டிய சுகாதாரத் துறை என்று பலதும் சேர்ந்து செய்த காரியம். மனுப்பூரின் விடை இங்கே பொருந்தவில்லை. மனுப்பூரில் அவர் கேட்ட கேள்வியோ இங்கேயும் வேலை செய்கிறது. கருத்தடைச் சுமையை யார் உடம்பு தாங்கியது என்று கேட்டுப் பாருங்கள். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பெண்களின் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் 57.8 சதவீதம். ஆண்களுடையது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பெரும் வெற்றி என்று கொண்டாடப்படும் திட்டத்தின் உள்ளே இருக்கும் இந்தக் கோணலைப் பற்றி நம் ஆய்விதழ்களில் எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

இதழ்கள் என்றதும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பிஎம்ஜே என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ் பண்புசார் ஆய்வுகளுக்கு முன்னுரிமை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. டிரிஷா கிரீன்ஹால் முதலானோர் 2016இல் அந்த இதழுக்கே திறந்த மடல் எழுதினார்கள். 11 நாடுகளைச் சேர்ந்த 76 அறிஞர்கள் கையொப்பமிட்டார்கள். நியாயமான சண்டை. இன்னொரு பக்கம், இடம் கிடைத்த இதழ்களில் 32 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பிக் கொடுத்தால்தான் கட்டுரை நகர்கிறது. எத்தனை பேரிடம் பேசினீர்கள், எங்கே, எவ்வளவு நேரம், பதிவு செய்தீர்களா என்பதெல்லாம் அதில் வரும். நேர்காணல் நடத்தியவரின் பின்னணியும் அக்கறையும்கூட வரும். இந்த ஆய்வு யாருக்குத் தேவைப்பட்டது, யார் பணத்தில் நடந்தது என்பதை முறையியலின் பகுதியாக யாரும் கேட்பதில்லை. அதற்கு நன்றியுரையில் ஒரு வரி போதுமாயிருக்கிறது.

எங்கள் ஆய்வு ஒன்றுக்காக நடந்த, ரத்தசோகை பற்றிய ஒரு குழு விவாதத்தில், வட தமிழ்நாட்டுக் கிராமத்து அங்கன்வாடியில் உட்கார்ந்திருந்தேன். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சத்து மாத்திரை கொடுக்கும் நர்சம்மா வாசலருகே நாற்காலியில். ஏன் மாத்திரை சாப்பிடுவதில்லை என்பதுதான் எங்கள் தாளில் இருந்த முதல் கேள்வி. சாப்பிடறோமே என்றார்கள் எல்லோரும். ஒரு பெண் மட்டும், மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாள். எங்களோடு வந்த இளைஞர் அதை வேகமாக எழுதிக்கொண்டார். மூடநம்பிக்கை என்ற தலைப்பின் கீழ் அழகாக உட்காரக்கூடிய பதில் அது.

எல்லோரும் எழுந்து போனபிறகு, வட்டத்தில் வாயே திறக்காத பெண் ஒருத்தி செருப்பை மாட்டியபடி என்னிடம் சொன்னாள்: "காலைல ஆறு மணிக்கே களை எடுக்கப் போயிடறோம் மேடம். ஒரு டீத்தண்ணி, அதோட சரி. வெறும் வவுத்துல மாத்திரயப் போட்டா பொரட்டிக்கிட்டு வருது. குனிஞ்சி வேல செய்ய முடியாம வரப்புல குந்திக்கிட்டா, நாளைக்கு வேலைக்குக் கூப்புடுவாங்களா?"

நர்சம்மாவுக்கும் இது தெரியும். சாயங்காலம் சோறு உண்டபிறகு போடும்மா என்று அவரும் பலமுறை சொல்லியிருக்கிறார். சாயங்காலச் சோறு எல்லோருக்கும் போட்டு மிச்சத்தில் அவள் உட்காரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய பதிவேட்டில் இருப்பது எத்தனை மாத்திரை கொடுத்தார் என்ற பத்தி மட்டும்தான். அதை நிரப்பாவிட்டால் மாதக் கூட்டத்தில் பேச்சு வாங்குவது அவர்தான். அவரையும் உட்காரவைத்து, அதிகாரிகள் யாரும் இல்லாத இடத்தில், ஒருநாள் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. எங்கள் ஆய்வுத் திட்டத்தில் அவர் தகவல் தருபவராக இல்லை, ஏற்பாடு செய்து தருபவராகத்தான் இருந்தார்.

இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் இந்தியாவில் 1970இலேயே தொடங்கியது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 55 சதவீதம். 2019-21இல் 53.4. மாத்திரை வேலை செய்யும், அதில் தகராறில்லை. மாத்திரை சாப்பிடாததற்குக் காரணம் கேட்கும் ஆய்வுகள் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன. காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இடையில் அந்தப் பெண்ணின் தட்டில் என்ன விழுகிறது, எந்தக் கூலியில், யார் யார் சாப்பிட்ட பிறகு, வேலைத்தலத்தில் பத்து மணிக்கு ஒரு வேளை சோறு கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கும் ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதிப் பார்க்கலாம். கேள்வித்தாள் தயாரிக்கும் கூட்டத்துக்கு, களைவெட்டுக்குப் போகிற நாலு பெண்களை அன்றைய கூலியைக் கொடுத்து அழைக்க வேண்டும். ஏன் மாத்திரை சாப்பிடுவதில்லை என்ற அந்த முதல் கேள்வியை அடித்துவிட்டு வேறு எதை எழுதலாம் என்று அவர்களிடமே கேட்க வேண்டும். நர்சம்மாவுக்கும் அன்றைக்கு ஒரு நாற்காலி போட வேண்டும், வாசலருகே இல்லாமல் மேசையைச் சுற்றி.